சமூகக் கலையின் கதவை எல்லோருக்கும் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு குடியிருப்பின் சுவரில், அங்கே வாழ்பவர்களைப் பற்றி ஓர் ஓவியம் வரையப்படுகிறது. கருத்தரங்கில் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார்கள். இதழில் விமர்சனம் வருகிறது. ஆய்வேடு ஒன்றில் ஓர் அத்தியாயமாகவும் ஆகிவிடுகிறது. அந்தச் சுவருக்கு எதிர்வீட்டில் இருப்பவரைக் கேட்டால், "யாரோ வந்தாங்க, வரைஞ்சாங்க, போயிட்டாங்க" என்கிறார். ஓரிடத்து மக்களோடு சேர்ந்து செய்வதாகச் சொல்லி, சமூகக் கலை என்று பெயர் சூட்டப்பட்ட பல வேலைகள் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

இதை மாற்ற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். படைப்பு முடிந்தபின் எளிய விளக்கம் எழுதுகிறார்கள், சாய்தளம் போடுகிறார்கள், மக்களை அழைத்துவந்து சுற்றிக் காட்டுகிறார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் தலைப்பு எது, இடம் எது, பணம் யாருக்கு, கீழே யார் பெயர் என்ற முடிவுகள் அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட நேரத்தில் அம்மக்கள் அறைக்குள் இருந்தார்களா என்ற கேள்வியைத்தான் நான் முதலில் கேட்பேன். கீழே வரும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை. கலைஞர்கள், அமைப்பாளர்கள், ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள் யாராக இருந்தாலும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

படி 1: இன்னும் முடிவாகாதவை எவை என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுங்கள். திட்டத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை வரிசையாக எழுதுங்கள்: எதைப் பற்றிய படைப்பு, எந்த வடிவம், எந்த இடம், எப்போது, யார் வேலை செய்வார்கள், யாருக்கு எவ்வளவு ஊதியம், யார் பெயர் வரும், பிறகு அது யாருக்குச் சொந்தம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது ஏற்கெனவே முடிவாகிவிட்டதா, இல்லை இன்னும் திறந்திருக்கிறதா என்று நேர்மையாகக் குறியுங்கள். நிதி விண்ணப்பத்திலேயே தலைப்பும் வடிவமும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவை இரண்டும் மூடப்பட்டவை. அப்படியானால் மக்களிடம் போய் "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேட்காதீர்கள். மீதம் இருப்பது எதுவோ அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். பொய்யான கேள்வியை மக்கள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்கள்.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதன் நடுப்படிகளில்தான் வருகின்றன. அவற்றை அவர் பெயரளவுப் பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். கூட்டாக முடிவெடுப்பது ஆறாவது படி. உங்கள் தாளில் திறந்திருக்கும் முடிவுகள் ஒன்றோ இரண்டோதான் என்றால், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

முடிவுகளை மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பாடம் இருக்கிறது. 1981-இல் மன்ஹாட்டனில் ஓர் அரசு அலுவலக வளாகத்தின் திறந்தவெளியில், ரிச்சர்ட் செர்ரா உருவாக்கிய 'டில்டட் ஆர்க்' என்ற எஃகுச் சிற்பம் நிறுவப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம். அங்கே தினமும் வேலைக்கு வந்தவர்கள் பலர், தங்கள் நடைபாதையை அது மறிக்கிறது என்றார்கள். 1985-இல் பொது விசாரணை நடந்தது. கலை உலகம் சிற்பத்தின் பக்கம் நின்றது. 1989-இல் அதை அகற்றிவிட்டார்கள். சிற்பத்தின் தரத்தைப் பற்றி இன்றும் வாதாடலாம். அந்த இடத்தைத் தினமும் கடப்பவர்களிடம் போய்க் கேட்கும் வேலை, சிற்பம் எழுந்து நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு விசாரணை மேடையில் நடந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

படி 2: வராதவர்களைத் தேடிப் போங்கள்

முதல் கூட்டத்துக்கு வருபவர்கள் எங்கும் ஒரே மாதிரிதான்: நேரம் உள்ளவர்கள், பேசிப் பழகியவர்கள், கூட்டம் என்றால் தயங்காதவர்கள். அவர்கள் வரட்டும். அவர்கள் மட்டுமே சமூகம் என்று எண்ணிவிடாதீர்கள். இரவுப் பணியில் இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், அந்த இடத்தின் பெரும்பான்மை மொழி பேசாதவர்கள், காது கேளாதவர்கள், முதியவர்கள், "படிக்காதவன் நான் என்ன சொல்லப் போறேன்" என்று ஒதுங்குபவர்கள் — இவர்களில் யார் யார் வரவில்லை என்று பெயர் சொல்லும் அளவுக்கு உங்களுக்குத் தெரிய வேண்டும்.

தெரிந்தபின் அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்களுடைய நேரத்தில் நீங்கள் போக வேண்டும். கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகிலிஸ் 1979-80இல் நியூயார்க் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரை நேரில் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார். அவர்களைக் கலைக்கூடத்துக்கு வரச் சொல்லவில்லை. அவர்களுடைய பணிமுறைக்குத் தன் நாளை மாற்றிக்கொண்டு, நகரின் எல்லா மாவட்டங்களுக்கும் தானே போனார். அப்படித் தேடிப் போய்ச் சந்தித்ததுதான் அந்தப் படைப்பு.

இன்னொன்றிலும் கவனமாக இருங்கள். எல்லா இடத்திலும் "எங்க மக்கள் சார்பா நான் பேசறேன்" என்று முன்வரும் ஒருவர் இருப்பார். அவருடைய உதவி பெரியது, வழியும் காட்டுவார். ஆனால் அவர் அறிமுகப்படுத்தாத நாலு பேரிடமாவது தனியாகப் பேசாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: கேட்கும் விதத்தை மாற்றுங்கள்

"கலை உங்களுக்கு என்ன பொருள் தருகிறது?" என்று கேட்டால் பரீட்சைக் கேள்வி கேட்டதுபோல எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். "இந்தத் தெருவில் இப்போது இல்லாதது எது, முன்பு இருந்தது எது?" என்று கேளுங்கள். "உங்கள் வீட்டில் யாரும் தூக்கிப்போட விடாத பொருள் எது?" என்று கேளுங்கள். பதில் கொட்டும்.

எல்லோருக்கும் பேச்சு வசதியான கருவி அல்ல. சிலர் பழைய புகைப்படத்தைக் காட்டுவார்கள், சிலர் நடந்து காட்டுவார்கள், சிலர் பாடிக் காட்டுவார்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த மன்ற அரங்கில், பார்வையாளர் எழுந்து காட்சியை நிறுத்தலாம். நடிகரின் இடத்தில் தானே நின்று, "நான் இப்படிச் செய்வேன்" என்று நடித்துக் காட்டலாம். நாடகம் போடாதவர்களும் அந்த முறையை எடுத்துக்கொள்ளலாம். மாதிரி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, வருபவர் கையில் கரித்துண்டு கொடுத்து, அதன்மேலேயே திருத்தச் சொல்லுங்கள். அச்சிட்ட கருத்துப் படிவம் தராத பதில்களை அது தரும்.

கேட்டதைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சொல்வது இந்தப் படியின் மறுபாதி. இதைத்தான் அதிகமானோர் விட்டுவிடுகிறார்கள். "நீங்கள் சொன்னதில் இதை எடுத்துக்கொண்டோம், இதை இந்தக் காரணத்தால் எடுக்க முடியவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

படி 4: கைக்குத் தெரிந்த வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் படியைத்தான். காணொளி நிறுவல்கலை (ஓரிடத்தில் திரைகளை அமைத்துக் காணொளி காட்டும் படைப்பு) செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு மக்களை அதற்குள் இழுத்தால், அவர்கள் உங்கள் படைப்பின் கச்சாப்பொருள் ஆகிவிடுவார்கள். அவர்கள் கை ஏற்கெனவே தேர்ந்திருக்கும் வேலையில் தொடங்கினால் நீங்கள்தான் மாணவர்.

சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் சாக்குத் துணியின்மேல் கந்தல் துணிகளைத் தைத்துப் படங்கள் செய்தார்கள். 'அர்பியெரா' என்று அவற்றுக்குப் பெயர். தையல் அவர்களுக்குத் தெரிந்த வேலை. தேடல், பசி, கைது, வரிசையில் நிற்கும் பெண்கள் என எல்லாம் அந்தத் துணியில் ஏறின. கத்தோலிக்கத் திருச்சபையின் மனித உரிமை அமைப்பு ஒன்றின் உதவியோடு அவை நாட்டுக்கு வெளியே போய் விற்பனையாகின. வீட்டுக்கு வருமானமும் வந்தது, உலகத்துக்குச் செய்தியும் போனது. முதலில் அவர்களுக்கு ஓவியப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று யாராவது நினைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

வடிவத்தில் ஒரே ஒரு விதி வைத்து மீதியை விட்டுவிடுவது மிகச் சிறந்த வழி. எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக அமெரிக்காவில் தைக்கப்பட்ட நினைவுப் போர்வைக்கு அளவுதான் விதி: ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி. எந்தத் துணி, எந்த நிறம், என்ன எழுதுவது என்பதெல்லாம் தைப்பவர் விருப்பம். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதன்முறை விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000. தையல் தெரிந்தவர் செய்ததும் தெரியாதவர் பசை போட்டு ஒட்டியதும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அளவு ஒன்றாக இருப்பதால் மொத்தமும் ஒரே படைப்பாகத் தெரிகிறது. உங்கள் திட்டத்திலும் அப்படி ஒரு விதியைத் தேடுங்கள். ஒரே அளவு ஓடு, ஒரே நிறம், ஆளுக்கு ஒரு நிமிட ஒலிப்பதிவு என எதுவாகவும் இருக்கலாம்.

சாரத்தில் ஏற முடியாதவர்கள் சுவரோவியத்தில் எப்படிப் பங்கேற்பது? இதற்கு நல்ல தொழில்நுட்பத் தீர்வு இருக்கிறது. பிலடெல்பியா நகரின் சுவரோவியத் திட்டத்தில், மெல்லிய நெய்யாத் துணியில் பகுதி பகுதியாக வரைந்து, பிறகு சுவரில் ஒட்டுகிறார்கள். வரைகோடுகளும் நிற எண்களும் போட்ட துணியை மேசைமேல் விரித்துவிட்டால், சக்கர நாற்காலியில் இருப்பவர், எண்பது வயதுப் பாட்டி, சிறைக்குள் இருப்பவர் எனப் பலரும் வரையலாம். மழைக்காலத்திலும் வேலை நிற்காது.

தரம் குறைந்துவிடும் என்ற பயம் கலைஞர்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். மக்கள் கலை என்பதற்காக அரைகுறை வேலையை ஏற்கச் சொல்வது மக்களுக்கே அவமரியாதை. கலைஞரின் தேர்ச்சி அங்கே வேறு இடத்தில் வேலை செய்ய வேண்டும்: எல்லோர் கையும் பட்டபிறகும் சிதறாத ஓர் அமைப்பை முன்கூட்டியே வகுப்பதில், நிறங்களைத் தேர்வதில், கடைசியில் ஒன்றுசேர்ப்பதில். ஒருவர் வரைந்த முகத்தை அவர் போனபின் "சரிசெய்யும்" வேலையை மட்டும் செய்யாதீர்கள். திருத்தம் வேண்டுமானால் அவரை உட்காரவைத்துக்கொண்டே செய்யுங்கள்.

படி 5: விளக்கத்தை மக்கள் மொழியில் எழுதுங்கள்

படைப்புக்குப் பக்கத்தில் மாட்டும் விளக்கப் பலகைகளில் இந்த மாதிரி வாக்கியங்களை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம்:

"புலம்பெயர்தலின் வெளியில் உடல்கொள்ளும் நினைவின் அரசியலைக் கட்டுடைப்பதன் வழியே, விளிம்புநிலை அடையாளங்களின் மறுவாசிப்பை இப்படைப்பு சாத்தியமாக்குகிறது."

அதே படைப்புக்கு இப்படி எழுதலாம்:

"சொந்த ஊரை விட்டு வந்தவர்கள், புறப்படும்போது கையில் எடுத்துவந்த ஒரு பொருளை இங்கே வரைந்திருக்கிறார்கள். திரும்பிப் போனால் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டோம். அவர்கள் சொன்ன பதில் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கிறது."

இரண்டாவதில் சிந்தனை குறைந்துவிடவில்லை. யார், என்ன செய்தார்கள், எதைக் கேட்டோம் என்பது வந்திருக்கிறது. முதல் பலகையைப் படிப்பவர் தனக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். இரண்டாவதைப் படிப்பவர் தன் பதிலை யோசிக்கத் தொடங்குவார்.

எழுதும்போது சிலவற்றைப் பின்பற்றுங்கள். பலகைக்கு 50 முதல் 70 சொற்கள் போதும். முதல் வாக்கியம் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்கட்டும். 'செய்யப்பட்டது' என்பதைவிட யார் செய்தார் என்று எழுதுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள்; மூச்சு வாங்கினால் வாக்கியத்தை உடையுங்கள். அச்சுக்கு அனுப்புமுன், படைப்பில் பங்கேற்ற இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்து, படித்ததைத் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் எங்கே இடறுகிறது என்று தெரியும்.

அங்கே பேசப்படும் எல்லா மொழிகளிலும் பலகை வேண்டும். ஒரு மொழி பெரிய எழுத்திலும் மற்றது அடியில் பொடி எழுத்திலும் இருப்பதைத் தவிருங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் பதிவு வையுங்கள், அதை வரைந்தவர் குரலிலேயே. கியூஆர் குறியீடு மட்டும் போதாது. எல்லோரிடமும் அதற்கேற்ற கைபேசி இருக்காது.

படி 6: உடலுக்கு வழி செய்யுங்கள்

மாற்றுத்திறனாளிகள் பண்பாட்டு வாழ்வில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை, 2006-இல் நிறைவேறிய ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் தங்கள் படைப்பாற்றலை வளர்த்துப் பயன்படுத்தவும் வாய்ப்பு வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனவே பார்வையாளர் வரும் வழியோடு நிறுத்தாமல், பட்டறை நடக்கும் அறையையும் கவனியுங்கள்.

அளவுகள் சில: சாய்தளத்தின் சரிவு 1:12, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம். உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ 1.2 மீட்டர், பலகையை அதை மனத்தில் வைத்து மாட்டுங்கள். இணையப் பக்கத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி. அச்சுப் பலகைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பார்வையற்றவர்களுக்குத் தொட்டுணரும் மாதிரியும் ஒலி விவரிப்பும் வேண்டும். கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பாளரை ஒளிபடும் இடத்தில் நிறுத்துங்கள். சத்தமும் கூட்டமும் தாங்க முடியாதவர்களுக்கு ஓர் அமைதியான நேரம் ஒதுக்குங்கள். கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள். இவற்றையெல்லாம் சரிபார்க்க மாற்றுத்திறனாளி ஒருவரை ஆலோசகராகத் திட்டத்தின் தொடக்கத்திலேயே அமர்த்துங்கள். அவருக்கு ஊதியமும் கொடுங்கள்.

படி 7: பணத்தை வெளிப்படையாகப் பேசுங்கள்

கலைஞருக்கு ஊதியம் உண்டு, ஆய்வாளருக்குச் சம்பளம் உண்டு, அச்சகத்துக்குக் காசு உண்டு. தன் கதையையும் மாலை நேரங்களையும் கொடுத்தவருக்கு மட்டும் 'தன்னார்வலர்' என்ற பட்டமும் ஒரு சான்றிதழும். இது எனக்குச் சற்றும் ஏற்க முடியாத வழக்கம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு ஒருவர் வர வேண்டும் என்றால், அந்த இழப்பைத் திட்டம் ஈடுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் கூலி இழக்க முடிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

வரவுசெலவில் பங்கேற்பாளர் ஊதியம், பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், மொழிபெயர்ப்பு, அணுகல் வசதி இவற்றுக்கு முதலில் தொகை ஒதுக்குங்கள். மீதத்தில் பொருட்களையும் விழாவையும் வையுங்கள். அவர்கள் செலவு செய்த பணத்தை அன்றே கையில் கொடுங்கள். ரசீது கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்கும் முறை ஏழைகளிடமே கடன் வாங்குவதாகும்.

படி 8: பெயர், ஒப்புதல், உரிமை

ஒப்புதலைக் கையெழுத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். எங்கே காட்டப்படும், இணையத்தில் வருமா, விற்பனைக்குப் போகுமா, ஆய்வுக்கட்டுரையில் வருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்து இன்னொன்றை மறுக்கலாம். வேலை முடிந்து இறுதி வடிவத்தைப் பார்த்தபின் மீண்டும் கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். குழந்தைகளாக இருந்தால் பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும்.

பெயர் விஷயத்தில் 'பகுதி மக்களின் பங்கேற்புடன்' என்ற ஒற்றை வரி போதாது. விரும்பும் ஒவ்வொருவர் பெயரும், அவர் சொன்ன எழுத்துக்கூட்டலில், கலைஞர் பெயரின் அதே அளவில் வர வேண்டும். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு அதுவும் உரிமை.

படி 9: பல்கலைக்கழகத்துக்கு என்ன வேலை

கல்வியாளர்களை வெளியே தள்ளச் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடித் பாகா முன்னின்று நடத்திய 'கிரேட் வால்' சுவரோவியம், ஒரு வெள்ளக் கால்வாயின் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஓடுகிறது. 1970களில் தொடங்கி ஐந்து கோடைக்காலங்களில், 400க்கும் மேற்பட்ட இளைஞர்களும் அவர்கள் குடும்பங்களும் சேர்ந்து வரைந்தது. பாடப்புத்தகங்கள் விட்டுவிட்ட மக்களின் வரலாறுதான் அதன் பொருள். அந்த வரலாற்றைத் தேடி எடுப்பதில் கலைஞர்களோடும் வாய்மொழிச் சாட்சிகளோடும் வரலாற்று ஆய்வாளர்களும் இருந்தார்கள். கேட்டதற்குப் பதில் தேடித் தரும் இடத்தில் அவர்கள் அமர்ந்தது வேலையை ஆழமாக்கியது.

உங்கள் திட்டத்தில் ஆய்வாளர் இருந்தால் மூன்று நிபந்தனைகள் வையுங்கள். எழுதுவதை வெளியிடுமுன் சம்பந்தப்பட்டவர்களுக்குப் படித்துக் காட்டி, மறுப்பு இருந்தால் அதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டும். பணம் கட்டினால்தான் படிக்க முடியும் என்ற நிலையில் கட்டுரை வெளிவரக்கூடாது. அது ஆங்கிலத்தில் வந்தால், அதன் சாரம் மக்கள் மொழியில் அவர்கள் கைக்கு வர வேண்டும். கருத்தரங்குக்கு அழைப்பு வந்தால், பங்கேற்றவர்களில் ஒருவரையும் பயணச் செலவோடு அழைக்கும்படி கேளுங்கள்.

படி 10: திறப்பு விழா

மேடை சிறியதாக இருக்கட்டும். முதல் வரிசை நாற்காலிகள் வேலை செய்தவர்களுக்கு. பேச்சு குறைவு.

படி 11: விழாவுக்குப் பிறகு

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை நிதி கொடுத்தவருக்கு வேண்டியிருக்கும், கொடுங்கள். உங்களுக்காக வேறு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் படியில் எழுதிய தாளில் 'திறந்திருக்கிறது' என்று குறித்தவற்றில் எவற்றை மக்கள் உண்மையில் முடிவு செய்தார்கள்? எந்த முடிவு உங்கள் விருப்பத்துக்கு மாறாகப் போனது? அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் எங்கோ அவர்கள் வாய் மூடப்பட்டிருக்கிறது. பாதியில் நின்றுபோனவர்கள் யார், ஏன் நின்றார்கள் என்று வீடு தேடிப்போய்க் கேளுங்கள்.

வெளியில் நிற்கும் படைப்பு வெயிலிலும் மழையிலும் மங்கும். பயன்படுத்திய நிறங்களின் பெயரும் எண்ணும், மேற்பூச்சு எது என்ற குறிப்பும், மீதமுள்ள பெயின்ட்டும், கொஞ்சம் பராமரிப்புத் தொகையும் அங்கேயே இருக்கும் ஒரு குழுவின் கையில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு கழித்து மறுபரிசீலனை, சுவர் இடிந்தால் என்ன செய்வது, மேலே புதிதாக வரைய வேண்டுமென்றால் யார் அனுமதி தருவது என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, இடத்தின் உரிமையாளரிடமும் அந்தக் குழுவிடமும் கையெழுத்து வாங்கி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். அதை அழிக்கலாம் என்ற முடிவை அந்தக் குழு என்றாவது எடுத்தால், அதற்கும் உங்கள் சம்மதம் தேவையில்லை என்று அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.